மூன்று கிளட்ச் பிளேட்டும் ஒரு நண்டும்

ஒரு வண்டியின் அடிவயிற்றைத் தினமும் குடிதண்ணீரில் குளிப்பாட்டச் சொன்ன மெக்கானிக், எனக்குத் தெரிந்து இந்த ஏரிக்கரையில் நான் ஒருவன்தான். சொன்னதோடு நிற்கவில்லை, காரணமும் சொன்னேன். பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், நாலு பேர் நடுவில், வடையை பேப்பரில் வைத்து எண்ணெய் பிழிந்துகொண்டே, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி சொன்னேன். அந்தக் காரணம் முழுக்கத் தப்பு. அதை நம்பி ஒரு வீட்டில் மூன்று மாதம் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் போன மாதம் டிரைவர்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, என்னை ஏதோ கைராசிக்காரன் என்று நினைத்துத்தான் கேட்டார்கள்.

"கிளட்ச்சுன்னா இன்னான்னே தெரியாம வண்டி ஓட்ற காலம் வந்துட்ச்சிணா. எல்லாம் பேட்டரி. நீ எழுதிக் குடுத்தாத்தான் உண்டு" என்றார் ஒருவர்.

கிளட்ச் என்றால் என்ன என்று எழுதுவது சுலபம். எஞ்சின் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் இன்னொரு பக்கம் காத்திருக்கிறது. நடுவில் ஒரு வட்டத் தகடு. பெடலை விட்டால் அது எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றும். மிதித்தால் விலகி நிற்கும். தேய்ந்துபோனால் ஒட்ட வேண்டிய நேரத்தில் ஒட்டாமல் வழுக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்தும், வண்டி போகாது. கனவில் நாய் துரத்தும்போது நாம் ஓடு ஓடு என்று ஓடியும் அதே இடத்தில் இருப்போமே, அதுதான் கிளட்ச் வழுக்குவது. எனக்கு அந்தக் கனவு இப்போதும் வருகிறது. நாய் மாறுகிறது, நான் மாறவில்லை.

நான் தொழில் கற்றது எளாவூரில், சோதனைச் சாவடிக்குப் பக்கத்திலிருந்த ஒரு லாரி பட்டறையில். ஆறு வருடம். அதை ஆறு வரியில் சொல்லலாம். சாவடி வரிசையில் லாரிகள் பாதி கிளட்ச்சில் அங்குலம் அங்குலமாக நகரும். பாதி கிளட்ச்சில் நகர்ந்தால் தகடு தேயும். தேய்ந்தால் எங்கள் பட்டறைக்கு வரும். எங்கள் அடுப்பு எரிந்தது அந்த வரிசையால்தான். வரிசை சின்னதாக இருந்த நாட்களில் நாங்கள் எதிர்ப்புறம் உட்கார்ந்து லாரிகளை எண்ணினோம்.

பட்டறையின் மேஸ்திரி ராயுலு. மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். என்னைவிட மூன்று வயது சின்னவர், ஆனால் என்னை "நைனா" என்றுதான் கூப்பிடுவார். அவர் ஊரில் அப்பாவையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால், திட்டும்போதுகூட எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்த மாதிரி இருக்கும். வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்க மாட்டார். முதலில் டிரைவர் சீட்டில் உட்கார்வார். செருப்பைக் கழற்றிவிட்டு, கிளட்ச் பெடலைக் காலால் தொட மாட்டார், குனிந்து கையால் அழுத்துவார். பெடல் முதலில் இரண்டு விரல் அளவு சும்மா இறங்க வேண்டும்; அதற்குப் பிறகுதான் கனம் தெரிய வேண்டும். அந்த இரண்டு விரல் சும்மா இறக்கம் இல்லையென்றால், மிதிக்காமலேயே கிளட்ச் பாதி மிதிபட்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நாலாவது கியரைப் போட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, பெடலை மெதுவாக விடுவார். அப்போது கண்ணை மூடிக்கொள்வார். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் குலுங்கி அணைந்துவிடும். தேய்ந்தது என்றால் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு தடவைக்கு மேல் அந்தச் சோதனையைச் செய்ய மாட்டார். மிச்சம் இருக்கிற தகடும் சூடேறிப் போகும் என்பார். இத்தனையும் முடியும்வரை பட்டறையில் யாரும் பேசக் கூடாது. ஒருமுறை நான் தும்மிவிட்டேன். அந்த லாரியின் நோயை அவர் என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.

பிறகு பழவேற்காட்டுக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு சொந்தப் பட்டறை வைத்தேன். மீன் வண்டி, நண்டு வண்டி, ஐஸ் வண்டி. கிளட்ச் என்றால் கஜாதான் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

ஏழுமலை என்னிடம் வந்தது சித்திரை வெயில் தொடங்கிய சமயம். தோணிரேவுக்காரன். பதினைந்து வயதிலிருந்து ஏரியில் படகு. நீளக் கழி ஊன்றி, படகின் பின்பக்கம் நின்றுகொண்டே ஏரியை அளந்தவன். ஒரு நாள் சேற்றில் சிக்கிய கழியைப் பிடுங்கும்போது வலது தோள் இறங்கிவிட்டது. ஏற்றி உட்கார வைத்தார்கள், மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை இறங்கியபோது, இனிமேல் கழி ஊன்றக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வலையையும் பெண்டாட்டியின் நகையையும் விற்று ஒரு பழைய மினி லாரி வாங்கினான். ஓட்டக் கற்றுக்கொண்டான். நண்டு வியாபாரி சரோஜா அக்காவின் லோடைப் பொன்னேரிக்கு ஏற்றிப்போகும் வேலை கிடைத்தது. அந்த ஒரு லோடுதான் அவனுக்கு இருந்தது. அது போனால் வண்டி போகும். வண்டி போனால் திரும்பிப் போக ஏரி இருக்கிறது, தோள் இல்லை.

நண்டு லோடு மற்ற லோடு மாதிரி அல்ல. கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்குப் போட்டு, உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். செத்த நண்டை ஒருவரும் தொட மாட்டார்கள். வண்டி வழியில் நின்றால் வெயில் ஏறும், கூடைக்குள் சலசலப்பு அடங்கும். அந்தச் சலசலப்பு அடங்குவதைக் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் பேச்சு நின்றுபோவது மாதிரி இருக்கும்.

"இன்னான்னு தெரில கஜாண்ணா. எஞ்சின் கூவுது, வண்டி நவுர மாட்டேங்குது" என்றான் ஏழுமலை.

குனிந்து கையால் அழுத்தினேன். இரண்டு விரல் இறக்கம் சுத்தமாக இல்லை. கேபிளின் முனையில் பூட்டு நட்டைத் தளர்த்தி, பக்கத்து நட்டைத் திருப்பி, கேபிளுக்குக் கொஞ்சம் தொய்வு கொடுத்தேன். இறக்கம் வந்தது. பூட்டு நட்டை இறுக்கினேன். பத்து நிமிட வேலை. "போய்க்கினே இரு" என்றேன்.

பத்தே நாளில் திரும்பி வந்தான். கியர் பாக்ஸை இறக்கினேன். தகடு வழவழவென்று தேய்ந்து ரிவெட் தெரிந்தது. தகடு ஒட்டிக்கொள்ளும் பிளைவீல் சக்கரத்தின் முகம் முழுக்க நீலம் பாய்ந்திருந்தது, சூட்டினால். தேய்த்துச் சுத்தம் செய்து புதுத் தகடு, புது பேரிங் போட்டேன். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன், ராயுலு செய்வது போல. நானே ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போனது.

மூன்றே மாதம். அதுவும் எரிந்தது.

அப்போதுதான் நான் டீக்கடையில் வடையும் கையுமாக அந்த மருத்துவத்தைச் சொன்னேன். "ஏரி ஓரம் பின்னால வுட்டு நண்டு ஏத்துறான் இல்ல. உப்புத் தண்ணி உள்ள பூந்து தகட்டைத் தின்னுது. தெனம் நல்ல தண்ணில அடியைக் கழுவணும்."

இரண்டாவது தகட்டைப் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எஞ்சின் ஆயில் கசியாமல் தடுக்கும் சீலையும் மாற்றினேன். சீல் நன்றாகத்தான் இருந்தது. கழற்றிய பேரிங் கரகரவென்றது. அதை எடுத்து, ரசீதுப் புத்தகம் காற்றில் பறக்காமல் இருக்க மேலே வைத்தேன். விடை என் மேஜையிலேயே மூன்று மாதம் உட்கார்ந்திருந்தது. நான் அதன் கீழிருந்து தினமும் ரசீது கிழித்தேன்.

ஏழுமலையின் பெண்டாட்டி அஞ்சலை, தெருக் குழாயில் வரிசை நின்று பிடித்த தண்ணீரைக் கொண்டுவந்து தினமும் வண்டியின் அடியில் ஊற்றினாள். ஒரு நாள் பட்டறை வழியாகக் குடத்தோடு போகும்போது நின்று கேட்டாள்.

"மேஸ்திரி, சோப்பும் போடணுமா?"

தண்ணீர் மட்டும் போதும் என்று சொன்னேன். அவள் கேட்டது கேள்வி இல்லை என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடி கருகல் வாசனை. வண்டி ஆண்டார்மடத்துக்கு அந்தப் பக்கம் நின்று, இரண்டு கூடை நண்டு செத்தது. அடுத்த நாள் சரோஜா அக்கா பட்டறைக்கே வந்தாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஏழுமலையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"வெள்ளிக்கெழம லோடு இவனுக்குத் தர்றேன். அன்னிக்கும் என் நண்டு ரோட்ல செத்துச்சின்னா, சனிக்கெழமலேந்து வேற வண்டி. அவன்கிட்ட சொல்ல மனசு வரல. உன்கிட்ட சொல்றேன்."

ஏழுமலை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

அன்று மதியமே அந்தப் பேரிங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எளாவூருக்குப் பஸ் ஏறினேன். ராயுலுவுக்கு அதற்குள் தலை நரைத்திருந்தது, மற்றபடி அப்படியே. நான் ஏரி, உப்பு, சீல் என்று சொன்னதையெல்லாம் கேட்டார். பேரிங்கை வாங்கி, காதருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுற்றினார். நான் தும்மாமல் நின்றேன்.

"நைனா, இது எப்போ சுத்தும்?"

"பெடலை மிதிச்சா சுத்தும்."

"மூணு மாசத்துல இப்பிடி செத்துருக்கே. எவ்ளோ மிதிச்சிருப்பான்?"

நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"உப்பு மிதிக்குமா?" என்று கேட்டுவிட்டு பேரிங்கை என் பையிலேயே திரும்பப் போட்டார்.

ஊருக்கு வந்ததும் ஏழுமலையைப் பிடித்தேன். "ஓட்டும்போது கிளட்ச் மேல காலு வெக்கிறியாடா?"

"சத்தியமா இல்லணா. கியரு மாத்தும்போது மட்டும்தான்."

சும்மா சொல்கிற ஆள் இல்லை அவன். பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ரோல் பங்க் வரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலையே பார்த்தேன். கியர் மாற்றினான், காலை எடுத்துத் தரையில் வைத்தான். சமர்த்தான கால். புதுத் தகடு வாங்க நேரமில்லை. இருந்த தகட்டுக்கே கேபிளை மறுபடி சரிசெய்தேன். நட்டு திரும்புகிற கடைசி மரைக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில், நண்டோடு நண்டாக நானும் வண்டியில் ஏறினேன். சரோஜா அக்கா முதல் பஸ்ஸிலேயே பொன்னேரிக்குப் போய்விட்டிருந்தாள். பின்னால் இடமில்லாமல், பெரிய நண்டுகள் இருந்த ஒரு கூடையை என் கால்மாட்டில் வைத்துக் கட்டினான் ஏழுமலை.

அந்தக் காலைப் பொழுதை எப்படிச் சொல்வது. இரவெல்லாம் பெய்த மழையில் ஏரி ரோட்டோரம் வரைக்கும் ஏறி வந்திருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஈரமான கறுப்பு ரோடு. வானமும் தண்ணீரும் ஒரே வெளுப்பு, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. அவற்றுக்குக் கீழே இன்னொரு கூட்டம் தலைகீழாக நின்றது. வண்டி ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது, ஓடுகிற உணர்வு இல்லை. எல்லாம் மெல்ல மிதந்து பின்னால் போனது. ஏழுமலையின் முகம் படகில் நிற்பவன் முகம் மாதிரி அமைதியாக இருந்தது. எதற்காக வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அவன் காலைப் பார்க்க வந்தவன், பூநாரைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிழக்கிலிருந்து காற்று அடித்தது. எஞ்சின் சத்தம் கொஞ்சம் மேலே ஏறியது. வண்டியின் வேகம் ஏறவில்லை. எனக்கு அதுவும் அழகாகத்தான் இருந்தது. பிறகு மூக்கில் லேசாகக் கருகல். யாரோ எங்கோ சோறு தீய விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அப்போது என் கால் கட்டைவிரலில் யாரோ இடுக்கி வைத்துத் திருகினார்கள்.

கயிறு தளர்ந்த ஒரு நண்டு கூடையை விட்டு வெளியே வந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் பூநாரைகள் பறந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஏழுமலை ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இழுக்காத ணா, இழுத்தா இன்னும் புடிக்கும். சும்மா இரு, வுட்ரும்" என்றான். சும்மா இருந்தேன். விட்டது. விட்டுவிட்டு அவன் பக்கமாக ஓடியது. அதைப் பிடிக்க டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தேன்.

அங்கேதான் பார்த்தேன். அவனுடைய இடது கால் கிளட்ச் பெடலின் மேல் இருந்தது. அழுத்தவில்லை, மிதிக்கவில்லை. ஐந்து விரலும் பெடலைச் சுற்றிப் பிடித்திருந்தன, மரக்கிளையைப் பறவை பிடிப்பது மாதிரி. கிழக்குக் காற்று வண்டியை அடிக்கும்போதெல்லாம் அந்தக் கால் தானாக ஊன்றியது. ரோடு வளைந்தால் ஊன்றியது. காற்று விட்டால் தளர்ந்தது.

கழி ஊன்றுகிறவனுக்குப் படகின் பின்பக்கம் குறுக்காக ஓடும் கட்டையில் இடது காலை முட்டுக் கொடுத்துத்தான் பழக்கம். இல்லாவிட்டால் காற்றில் ஆள் தண்ணீருக்குள். பெட்ரோல் பங்க் வரை இரண்டு பக்கமும் வீடு, கடை; அங்கே அது டிரைவரின் கால். இரண்டு பக்கமும் தண்ணீர் வந்ததும் அது படகுக்காரனின் கால் ஆகிவிட்டது. அவனுக்கே தெரியாது. சத்தியம் செய்தது அவன். கால் சத்தியம் எதுவும் செய்யவில்லை.

"ஏழுமல, காலை எடு."

"எந்தக் கால ணா?"

"இடது கால. கிளட்ச் மேல இருக்குது."

"இல்லியே" என்று குனிந்து பார்த்தான். வண்டி ஒரு அசைவு அசைந்தது. பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது. "இது எப்போணா போச்சி அங்க?"

காலை எடுத்தான். எஞ்சின் சத்தம் இறங்கியது, வண்டி பிடித்து இழுத்தது. அரை நிமிடத்தில் காற்று வந்தது, கால் திரும்பவும் அங்கே இருந்தது. எடுக்கச் சொன்னேன். மறுபடி போனது. தகட்டில் மிச்சம் இருப்பது பொன்னேரி வரைக்குமா என்பதே சந்தேகம். இனிப் பேசிப் பயனில்லை என்று, தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கியரு" என்பான். விடுவேன். மிதித்து மாற்றுவான். "ஆச்சி" என்பான். பிடிப்பேன். இப்படியே, ஒரு கண்ணை நண்டின் மேலும் ஒரு கண்ணைக் காலின் மேலும் வைத்து, மீதி வழி முழுக்கப் போனோம். கருகல் வாசனை அடங்கியது. பின்னால் கூடைகளில் சலசலப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. என் தொழில் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

பொன்னேரியில் வண்டி நின்றதும் சரோஜா அக்கா வந்து கதவைத் திறந்தாள். நான் இன்னும் கணுக்காலை விடவில்லை. விரல்கள் மரத்துப் போயிருந்தன.

"இன்னா மேஸ்திரி, கடசில அவன் கால்லியே வுழுந்துட்டியா?" என்றாள். பிறகு பின்னால் போய் ஒவ்வொரு சாக்காகத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் உயிரோடு இருந்தன. திரும்பி வந்து ஏழுமலையிடம், "நாளிக்கு ஜல்தியா வா, அமாவாச, லோடு அதிகம்" என்று மட்டும் சொன்னாள். அவன் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

ஊர் திரும்பியதும் மூன்றாவது தகட்டைப் போட்டேன். ஆனால் அந்தக் காலை என்ன செய்வது. எடு எடு என்றால் அது கேட்கப்போவதில்லை. அதற்கு ஊன்ற ஒரு இடம் வேண்டும். "கிளட்ச்சுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டை அடிச்சிர்றேன். அதும்மேல காலு வெச்சிக்கோ" என்றேன். மரக்கடைக்குப் போகலாம் என்று பார்த்தால், அவன் ரம்பத்தை வாங்கிக்கொண்டு தோணிரேவுக்கு நடந்தான். அவன் படகு கரையில் கவிழ்த்துக் கிடந்தது. விற்காமல் வைத்திருந்தான். அதைப் புரட்ட எங்கள் இருவராலும் முடியவில்லை. அஞ்சலையும் வந்து பிடித்தாள். பின்பக்கத்துக் குறுக்குக் கட்டையில் ஒரு இடம் மட்டும் கால் அளவுக்குக் குழிந்து மினுமினுத்தது. அந்த இடத்தை விட்டு இரண்டு பக்கமும் அளந்து அவனே அறுத்தான். தோள் வலித்திருக்கும். நான் ரம்பத்தைக் கேட்டேன், தரவில்லை.

அஞ்சலை அறுபட்ட படகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ அந்தத் தண்ணி?" என்றாள்.

நான் ஏரியைப் பார்த்தேன். அன்று அது மிக அழகாக இருந்தது.

கட்டையைக் கிளட்ச்சுக்குப் பக்கத்தில் பொருத்தினோம்; அந்தத் தகடு ஏழு வருடம் ஓடியது. அதற்குப் பிறகு எந்த வண்டி வந்தாலும் நான் முதலில் டிரைவரின் காலைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். சிலர் நான் செருப்பு திருடப் பார்க்கிறேன் என்று நினைத்தார்கள்.

இப்போது பட்டறை இல்லை, முட்டியும் இல்லை. காலையில் ஏரிக்கரையில் நடப்பேன், முட்டி விடும்வரை. போன வாரம் ஏழுமலை புதிதாக வாங்கிய பேட்டரி லோடு ஆட்டோவைக் காட்டக் கொண்டுவந்து நிறுத்தினான். சத்தமே இல்லை, தண்ணீர் மேல் வந்த மாதிரி வந்தது. கியர் இல்லை, கிளட்ச் இல்லை. பழக்க தோஷத்தில் குனிந்து உள்ளே பார்த்தேன். இடது பக்கம், பளபளவென்ற புதுத் தரையில், நாலு ஸ்க்ரூ போட்டு அந்தப் பழைய படகுக் கட்டையை இறுக்கியிருந்தான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டேய், கிளட்ச்சே இல்லாத வண்டிடா இது. இங்க இது எதுக்குடா?"

"காலு எங்கணா போவும்?" என்றான்.